பெங்களூரு வீட்டுக்குள் ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட்: ஜன்னல் பார்ப்பதிலிருந்து மறுபடி பூக்க வைப்பது வரை

லால்பாக் மலர்க் கண்காட்சி முடிந்து வருபவர்கள் கையில் அதிகம் தெரிவது ஃபெலனாப்சிஸ்தான். அகலமான இலை நாலைந்து, வளைந்த ஒரு தண்டு, அதில் வரிசையாகப் பூக்கள். கடையில் கிடைப்பது கிட்டத்தட்ட எல்லாமே கலப்பினம். பூ இரண்டு மூன்று மாதம் வாடாமல் நிற்கும். அதன் பிறகு பெரும்பாலான வீடுகளில் இலை ஒவ்வொன்றாக மஞ்சளாகி, அடுத்த மழைக்காலத்தில் செடி போய்விடும்.

செடி மேல் குறை இல்லை. வாங்கி வந்த பிறகு இடம் தேடுகிறோம், வாட ஆரம்பித்த பிறகு வேரைப் பார்க்கிறோம். இந்த வரிசையைத் திருப்பிப் போட்டாலே பாதி வேலை முடிந்தது. கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள்.

இது பெங்களூரு வானிலைக்கு எழுதியது. சென்னையில் உள்ளவர்கள் 10ஆம் பகுதியை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அங்கே குளிர் போதாது.

1. முதலில் ஜன்னல்

கிழக்குப் பார்த்த ஜன்னல் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். காலை ஒன்றரை, இரண்டு மணி நேர இளவெயில், அப்புறம் நாள் முழுக்க நல்ல வெளிச்சம். இந்தச் செடிக்கு அது போதும்.

மேற்கு ஜன்னல் என்றால் மெல்லிய வெள்ளைத் திரை அல்லது 50 சதவீத நிழல்வலை கட்டாயம். மார்ச், ஏப்ரலில் மூன்று மணி வெயில் கண்ணாடி வழியாக அரை மணி நேரம் பட்டாலும் இலை வெந்துவிடும். முதலில் வெளுத்து, பிறகு பழுப்புத் தழும்பாகும். அந்தத் தழும்பு ஆறாது.

வடக்கும் தெற்கும் கொஞ்சம் ஏமாற்றும். பெங்களூரு 13 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் உச்சிக்குச் சற்று வடக்கே நகர்ந்துவிடுகிறது. அதனால் வடக்கு ஜன்னலில் மே, ஜூனில் சாய்ந்த வெயில் வரும். தெற்கு ஜன்னலில் மார்கழியில் அறைக்குள்ளேயே வெயில் நீளும். ஒரு பருவத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

அளந்து பார்க்க எளிய வழி உண்டு. செடி வைக்கப்போகும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வையுங்கள். நண்பகலில் அதற்கு ஒரு அடி மேலே கையை நீட்டுங்கள். நிழலின் ஓரம் மங்கலாக, ஆனால் கை என்று தெரியும்படி விழுந்தால் சரி. கருப்பாக, கூர்மையாக விழுந்தால் வெளிச்சம் அதிகம். நிழலே தெரியவில்லையென்றால் அங்கே பூக்காது. போன் செயலியில் பார்ப்பவர்களுக்கு 10,000 முதல் 15,000 லக்ஸ் நல்ல அளவு.

அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கத்து ஒட்டுச்சுவர் வீடுகளில் இப்படி ஒரு ஜன்னலே இல்லாமல் போகலாம். அப்படியானால் செடி வளர்ப்புக்கான வெள்ளை எல்.இ.டி. விளக்கை இலைக்கு ஒரு அடி மேலே கட்டி, தினமும் 12 மணி நேரம் எரிய விடுங்கள். டைமர் போட்டுவிடுங்கள், கையால் போட்டு அணைப்பது ஒரு வாரத்துக்கு மேல் யாருக்கும் நடப்பதில்லை.

2. அடுத்தது தண்ணீர்

செடி வாங்கும் முன் உங்கள் குழாய்த் தண்ணீரின் டி.டி.எஸ். அளவை, அதாவது அதில் கரைந்திருக்கும் உப்பின் அளவை, பாருங்கள். மீட்டர் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது, ஆர்.ஓ. சர்வீஸுக்கு வருபவரிடமும் இருக்கும். 200க்குள் இருந்தால் அப்படியே ஊற்றலாம். 300ஐத் தாண்டினால் இந்தச் செடிக்கு அது கடின நீர்.

காரணம் இதுதான். ஃபெலனாப்சிஸ் மரத்தில் ஒட்டி வாழும் தொற்றுத் தாவரம். மண்ணைத் தொடாமல் மழைநீரைக் குடித்தே வளர்ந்த வம்சம். வேரைச் சுற்றி வெலமன் என்ற வெள்ளை உறை இருக்கிறது. தண்ணீர் பட்டதும் உறிஞ்சிவிடும். உப்புத் தண்ணீரையும் அதே வேகத்தில் உறிஞ்சி, வேர்நுனி கருகும்.

காவிரித் தண்ணீர் வரும் வீடுகளில் பிரச்சினை குறைவு. போர்வெல்லையும் டேங்கரையும் நம்பியிருக்கும் அடுக்ககங்களில்தான் சிக்கல். அங்கே மூன்று விஷயம் கவனிக்க வேண்டும்.

ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீரைச் சேமித்துச் செடிக்கு ஊற்றும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. நல்ல பழக்கம்தான், ஆனால் ஆர்க்கிடுக்கு ஆகாது. வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கிறது.

அடுக்ககத்தில் சாஃப்ட்னர் இருந்தால், குழாயில் வருவது சோப்பு நுரைக்க நல்ல தண்ணீர், செடிக்கு அல்ல. அது சுண்ணாம்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை விடுகிறது.

சுத்தமான ஆர்.ஓ. தண்ணீரை மட்டுமே ஊற்றினால் கால்சியமும் மக்னீசியமும் கிடைக்காது. முக்கால் பங்கு ஆர்.ஓ., கால் பங்கு சாதாரணக் குழாய்த் தண்ணீர் என்று கலந்து ஊற்றுங்கள். மழைநீர் பிடிக்க வசதி உள்ளவர்கள் முதல் மழையை விட்டுவிட்டு, அடுத்தடுத்த மழையைப் பிடித்து மூடி வையுங்கள். அதற்கு மேல் ஒன்று கிடையாது.

3. கையில் இருக்க வேண்டியவை

செடி வரும் முன்பே இவை வீட்டில் இருக்கட்டும். வேர் அழுகல் தெரிந்த அன்றே தொட்டி மாற்ற வேண்டியிருக்கும்; அப்போது ஆன்லைனில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

உள்ளே தெரியும்படியான பிளாஸ்டிக் தொட்டி, 4 அல்லது 5 அங்குலம், அடியிலும் பக்கத்திலும் ஓட்டைகளுடன். வேரைப் பார்க்காமல் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதால்தான் ஒளி ஊடுருவும் தொட்டி. பீங்கான் தொட்டி அழகுக்கு வேண்டுமானால் வெளியே இருக்கட்டும்.

பைன் மரப்பட்டை, ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக. மரக்கரி: இஸ்திரி வண்டிக்காரர் பயன்படுத்தும் அதே கரி போதும், உடைத்துத் தூசியைக் கழுவிவிடுங்கள். கொஞ்சம் ஸ்பாக்னம் பாசி. பட்டை கிடைக்காவிட்டால் தேங்காய் மட்டைத் துண்டு போடலாம், ஆனால் மூன்று நாள் ஊறவைத்துத் தினமும் தண்ணீர் மாற்றுங்கள். மட்டையில் உப்பு இருக்கும்.

இவற்றோடு கூரான கத்தரி, மெழுகுவத்தி அல்லது லைட்டர், சர்ஜிக்கல் ஸ்பிரிட், பஞ்சு, தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள 19:19:19 கரையும் உரம். தோட்ட மண், மண்புழு உரம், கோகோபீட் மூன்றையும் பக்கத்தில் சேர்க்காதீர்கள். அவை வேரைச் சுற்றி அடைத்துக்கொண்டு காற்றை நிறுத்திவிடும்.

4. செடியைத் தேர்ந்தெடுப்பது

பூவைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் தொட்டியைத் தூக்கி வேரைப் பாருங்கள். கெட்டியாக, வெள்ளையாகவோ பச்சையாகவோ இருக்க வேண்டும். பழுப்பாகச் சுருங்கியிருந்தால் அடுத்த செடியை எடுங்கள்.

அடுத்து நடுவில் உள்ள குருத்து. ஃபெலனாப்சிஸ் ஒரே தண்டில் மேல்நோக்கி மட்டும் வளரும்; குருத்து போனால் மேலே புது இலை வராது. கறுத்திருந்தாலும் ஈரமாக நசநசவென்று இருந்தாலும் வேண்டாம். இலை இடுக்கில் வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் அது மாவுப்பூச்சி.

பாதி மலர்ந்து, பாதி மொட்டாக உள்ள செடி நல்லது. முழுக்க மொட்டாக இருப்பதை வாங்கினால், இடம் மாறிய அதிர்ச்சியில் மொட்டுகள் உதிர வாய்ப்பு அதிகம். லால்பாக் அருகே சித்தாபுரா நர்சரிகளில் நேரில் புரட்டிப் பார்த்து வாங்கலாம். கன்னடம் தெரியாவிட்டாலும் தமிழில் பேசிப் பாருங்கள், பெரும்பாலும் வேலை நடக்கும்.

5. முதல் இரண்டு வாரம்

மற்ற செடிகளிடமிருந்து தள்ளி வையுங்கள். பூச்சி இருந்தால் இதற்குள் தெரிந்துவிடும். உரம் வேண்டாம், பூ இருக்கும்போது தொட்டி மாற்றவும் வேண்டாம்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். வேர்ப்பந்தின் நடுவில் விரலை விட்டுப் பாருங்கள். கன்றாக இருந்தபோது வைத்த சிறு வலைக்கூடையோ பாசிக் கட்டியோ அங்கே அப்படியே இருப்பது சகஜம். வெளிப்புறம் காய்ந்து தெரியும்போதும் நடுப்பகுதி ஈரமாகவே இருக்கும். வீட்டுக்கு வந்த செடிகள் அழுகுவது பெரும்பாலும் இங்கிருந்துதான். அங்கே துர்நாற்றம் வந்தால் பூ போனாலும் பரவாயில்லை என்று அன்றே 9ஆம் பகுதிக்குப் போய்விடுங்கள்.

6. தண்ணீர் ஊற்றும் முறை

புதியவர்கள் எல்லாரும் கேட்பது, வாரம் எத்தனை முறை என்று. நாள் கணக்கு வைக்காதீர்கள். ஏப்ரலில் பட்டையும் கரியும் உள்ள தொட்டி மூன்று நான்கு நாளில் காய்ந்துவிடும். ஜூலையில் அதே தொட்டி பத்து நாள் ஈரமாக இருக்கும். துளசிக்கு ஊற்றும் கையோடு இதற்கும் ஒரு சொம்பு ஊற்றுகிறார்களே, அந்த வீடுகளில்தான் செடி முதலில் அழுகுகிறது.

வேரின் நிறத்தைப் பாருங்கள். பச்சை என்றால் ஈரம் இருக்கிறது, ஊற்ற வேண்டாம். வெள்ளி போல வெளுத்திருந்தால் தாகம். தொட்டியின் உள்சுவரில் நீர்த்துளி படிந்திருந்தால் இன்னும் ஒரு நாள் பொறுங்கள். தூக்கிப் பார்த்தாலும் தெரியும். நனைந்த தொட்டிக்கும் காய்ந்த தொட்டிக்கும் உள்ள எடை வித்தியாசம் கைக்குச் சீக்கிரமே பழகிவிடும்.

காலையில் ஊற்றுங்கள். தொட்டியைச் சிங்க்குக்கு எடுத்துப் போய், அடி ஓட்டைகளில் வழிந்து ஓடும்படி ஒரு நிமிடம் தாராளமாக விடுங்கள். சின்ன டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் உள்ளே சேர்ந்த உப்பு வெளியேறாது. மேலே உள்ள வேர் மட்டும் நனையும். அப்புறம் பத்து நிமிடம் வடியவிட்டு இடத்தில் வையுங்கள். அடித்தட்டிலோ அலங்காரத் தொட்டிக்குள்ளோ தண்ணீர் தேங்கக் கூடாது.

வாளியில் ஊறவைப்பதும் நல்ல முறை, 10 நிமிடம் போதும். ஆனால் ஒரே வாளித் தண்ணீரில் எல்லாச் செடிகளையும் முக்காதீர்கள். ஒன்றில் உள்ள நோய் எல்லாவற்றுக்கும் போகும்.

கடைசி வேலை குருத்து. இலைகள் சேரும் குழியில் தண்ணீர் நின்றால் டிஷ்யூவால் ஒற்றி எடுத்துவிடுங்கள். காட்டில் இந்தச் செடி மரத்தில் சாய்ந்து தொங்கும், தண்ணீர் தானாக வழிந்துவிடும். நாம் நிமிர்த்தி நட்டிருக்கிறோம்.

இலை சுருங்கித் தொய்ந்தால் உடனே அதிகம் ஊற்றத் தோன்றும். தண்ணீர் குறைந்தாலும் இலை சுருங்கும், தண்ணீர் அதிகமாகி வேர் அழுகினாலும் அதே சுருக்கம்தான். வேரைப் பார்க்காமல் எந்தப் பக்கமும் முடிவு செய்யாதீர்கள்.

7. உரம்

5 லிட்டர் தண்ணீருக்கு 19:19:19 அரை டீஸ்பூன். வளரும் காலத்தில் மூன்று முறை உரத் தண்ணீர், நான்காவது முறை வெறும் தண்ணீர். அந்த நான்காவது முறைதான் தங்கிய உப்பைக் கழுவுகிறது. காய்ந்து கிடக்கும் வேருக்கு நேரடியாக உரம் கொடுக்காமல், முதலில் கொஞ்சம் நனைத்துக்கொள்ளுங்கள்.

அரிசி கழுவிய தண்ணீர், வாழைப்பழத் தோல் ஊறல், மோர் எதுவும் வேண்டாம். ரோஜாவுக்கு என்றால் மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் பார்த்துக்கொள்ளும். பட்டைக்குள் போனால் புளித்து, சின்னக் கொசு மாதிரி ஈ மொய்ப்பதுதான் மிச்சம்.

8. காற்றும் ஈரப்பதமும்

காற்றில் 50 முதல் 70 சதவீதம் ஈரம் இருந்தால் செடிக்குச் சுகம். பெங்களூருவில் ஜூன் முதல் நவம்பர் வரை இதற்குக் கவலை இல்லை. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பிற்பகல் காற்று நன்றாகவே வறண்டுவிடும்.

இலைமேல் தெளிப்பான் அடிப்பது சில நிமிடங்களுக்கு மேல் உதவாது. மாலையில் அடித்தால் பூஞ்சைப் புள்ளி வரும். கூழாங்கல் தட்டும் பெயருக்குத்தான். நாலைந்து செடிகளைச் சேர்த்து வைப்பதும், துணி காயும் யூட்டிலிட்டி பக்கம் நகர்த்துவதும் அதைவிடப் பலன் தரும். ஈரம் கூடினால் காற்றோட்டமும் கூட வேண்டும். ஜன்னல் சற்றுத் திறந்திருக்கட்டும், அல்லது மின்விசிறி குறைந்த வேகத்தில் ஓடட்டும், நேரே செடி மேல் படாமல்.

9. தொட்டி மாற்றுவது

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. பட்டை மக்கிப் பொடியானதும் மண் போலத் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். பூ முடிந்த பிறகு, ஜூன் அல்லது ஜூலை பெங்களூருவுக்குத் தோதான நேரம். வெயில் தணிந்து, காற்றில் ஈரம் இருக்கும், புது வேர் விடும்.

பட்டையை முந்தைய இரவே ஊறவையுங்கள். காய்ந்த பட்டை தண்ணீரை ஒட்டவிடாது.

செடியை 15 நிமிடம் தண்ணீரில் வைத்த பிறகு வெளியே எடுங்கள். காய்ந்த வேர் முறியும், நனைந்த வேர் வளையும். பழைய பட்டை, நடுப் பாசி, வலைக்கூடை எல்லாவற்றையும் பொறுமையாக எடுத்துவிடுங்கள்.

கத்தரியின் வாயை நெருப்பில் காட்டி ஆறவிடுங்கள். ஒவ்வொரு செடிக்கும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். ஆர்க்கிடைத் தாக்கும் வைரஸ்கள் பெரும்பாலும் வெட்டும் கருவி வழியாகப் பரவுகின்றன, அவற்றுக்கு மருந்து கிடையாது.

இப்போது வேரை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் நிறம் எப்படி இருந்தாலும் விட்டுவிடுங்கள். பாசிக்குள் இருந்த நல்ல வேர்கூடப் பழுப்பாகத் தெரியும். அழுத்தினால் உள்ளே வெறுமையாக இருந்து, உறை கழன்று நூல் மட்டும் மிஞ்சினால் அது செத்த வேர், வெட்டுங்கள். மிஞ்சிய நல்ல வேர் அடங்கும் அளவுக்குத்தான் தொட்டி வேண்டும். வளரட்டும் என்று பெரியதாக எடுத்தால் நடுப்பகுதி காயவே காயாது.

பட்டை மூன்று பங்கு, கரி ஒரு பங்கு, பிய்த்துப் போட்ட பாசி ஒரு பங்கு. தினமும் பார்க்க நேரமுள்ளவர்கள் பாசியைக் குறைக்கலாம். அதிகம் ஊற்றும் கை உள்ளவர்கள் பாசியே போடாமல் இருப்பது நல்லது.

கீழ் இலையின் அடி, பட்டையின் மேல்மட்டத்தில் இருக்கும்படி நிறுத்திச் சுற்றிலும் பட்டையை இறக்குங்கள். பக்கத்தில் தட்டினால் இறங்கும், மேலிருந்து அழுத்த வேண்டாம். வெளியே நீளும் காற்று வேரை உள்ளே திணிக்கவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம். செடி ஆடினால் ஒரு குச்சி வைத்துக் கட்டுங்கள். ஆடும் செடியின் புது வேர்நுனி பட்டையில் உரசியே தேய்ந்துவிடும்.

வெட்டிய வேர் ஆற மூன்று நான்கு நாள் தண்ணீர் வேண்டாம். ஒரு மாதம் உரம் வேண்டாம்.

10. மறுபடி பூக்க வைப்பது

பூக்கும் மருந்து என்று விற்பதை வாங்காதீர்கள். ஃபெலனாப்சிஸ் பூத்தண்டு விட வேண்டியது குளிர்: சில வாரங்கள் வெப்பம் 25 டிகிரிக்குக் கீழே அதிக நேரம் இருக்க வேண்டும். 28க்கு மேலேயே இருந்தால் இலை மட்டும் விடும். பெங்களூருவில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை இரவு 15, 16 டிகிரிக்கு இறங்குகிறது. ஜன்னலோரம் வைத்து, இரவில் ஒரு விரல் அளவு திறந்து விட்டால் போதும்.

இலை இடுக்கில் புதிதாக ஒன்று முளைக்கும். நுனி உருண்டு பளபளத்தால் வேர், சற்றுத் தட்டையாகச் சின்னக் கையுறை போல இருந்தால் பூத்தண்டு. பொங்கலுக்குள் தண்டு தெரிந்தால் பங்குனி, சித்திரையில் பூ.

தண்டு வந்த பிறகு தொட்டியைத் திருப்பாதீர்கள். அது வெளிச்சத்தை நோக்கி வளரும். திருப்பத் திருப்ப முறுக்கிக்கொண்டு பூக்கள் ஆளுக்கொரு பக்கம் பார்க்கும். ஒரு சாண் வளர்ந்ததும் குச்சியில் தளர்வாகக் கட்டுங்கள்.

மொட்டு மஞ்சளாகி உதிர்ந்தால், பக்கத்தில் மாம்பழக் கூடையோ வாழைத்தாரோ இருக்கிறதா என்று பாருங்கள். பழுக்கும் பழம் விடும் எத்திலீன் மொட்டை உதிர்த்துவிடும். புகையிலும் எத்திலீன் உண்டு, ஆகவே சாம்பிராணி போடும் பூஜை அலமாரிப் பக்கமும் வேண்டாம்.

11. பூ உதிர்ந்த பிறகு

செடியில் நாலு நல்ல இலையாவது இருந்தால், பூத்தண்டின் அடியிலிருந்து மூன்றாவது கணுவுக்குச் சற்று மேலே வெட்டலாம். கிளைத்து மறுபடி பூக்க வாய்ப்பு உண்டு. இலை குறைவு, தொய்வு என்றால் அடியோடு வெட்டிவிடுங்கள். பலவீனமான செடியை இரண்டாம் முறை பூக்க வைத்தால் அடுத்த ஆண்டுக்கு ஒன்றும் மிஞ்சாது.

சில சமயம் கணுவில் குட்டிச்செடி முளைக்கும். அதற்கு இரண்டு மூன்று வேர் விரல் நீளம் வந்த பிறகு பிரித்து நடுங்கள். தாயின் அதே பூ வரும். விதையில் அந்த உறுதி இல்லை, ஆய்வகக் குடுவை இல்லாமல் விதை முளைக்க வைக்கவும் முடியாது.

12. பூச்சி, அழுகல்

மாவுப்பூச்சிக்கு ஸ்பிரிட் தொட்ட பஞ்சு. இலை இடுக்கு, அடிப்பக்கம், பூத்தண்டின் கணு எல்லாம் துடையுங்கள். வாரம் ஒருமுறை வீதம் நான்கு வாரம் செய்யாவிட்டால் முட்டையிலிருந்து மறுபடி வரும். எறும்பு வரிசை தெரிந்தால் அதையும் நிறுத்துங்கள், மாவுப்பூச்சியை வளர்ப்பதே எறும்புதான். கோடையில் இலையின் அடிப்பக்கம் சாம்பல் பூத்தது போலப் பொடிப்பொடியாக வெளுத்தால் சிலந்திப்பேன். தண்ணீரால் நன்றாகக் கழுவி வாருங்கள்.

இலையில் நீர் கோத்த புள்ளி தோன்றி ஓரிரு நாளில் பரவினால் அது பாக்டீரியா அழுகல். காத்திருக்கக் கூடாது. நல்ல பகுதி ஒரு சென்டிமீட்டர் சேர்த்து வெட்டி, வெட்டிய இடத்தில் சமையலுக்குப் போடும் இலவங்கப்பட்டையின் பொடியைத் தடவுங்கள். வேரில் மட்டும் அந்தப் பொடி படக் கூடாது, உலர்த்திவிடும்.

13. வேரே இல்லாமல் போனால்

குருத்து நன்றாக இருந்தால் நம்பிக்கை உண்டு. செத்த வேரெல்லாம் வெட்டி, ஒரு நாள் ஆறவிடுங்கள். மூடியுள்ள தெளிவான பிளாஸ்டிக் டப்பாவில், பிழிந்து ஈரம் மட்டும் நிற்கும் ஸ்பாக்னம் பாசியைப் பரப்பி, செடியின் அடி பாசியைத் தொடாமல் சற்று மேலே நிற்கும்படி வையுங்கள். மூடியில் இரண்டு ஓட்டை. வெயில் படாத வெளிச்சமான இடம். இரண்டு நாளுக்கு ஒருமுறை திறந்து காற்று விடுங்கள்.

புது வேர் வர மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் கீழ் இலை ஒன்று இரண்டு காய்ந்து விழலாம். அந்தச் சத்தை உறிஞ்சித்தான் வேர் விடுகிறது, அதனால் பச்சையாக இருக்கும்போதே பிய்த்து எடுக்காதீர்கள். வேர் இரண்டு அங்குலம் நீண்டதும் 3 அங்குலத் தொட்டிக்கு மாற்றலாம்.